தை மாதக் கல்யாணச் சீர்: கை இறுகுகிற நேரத்திலும் நம் நாட்டுப் பொருள்தான் வாங்க வேண்டுமா?

வண்ணார்பேட்டை_வாசி:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வீட்டுச் சண்டை ஒன்றை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், திட்டாமல் படியுங்கள்.

தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர் என் பொறுப்பு. நான் தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் மெலிந்துகொண்டே வருகிறது. ஓவர்டைம் நின்றுபோனது. போனஸ் பற்றிக் கேட்டால் மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வேலை போகவில்லை, ஆனால் போகாது என்று சொல்லவும் ஆளில்லை.

இந்த லட்சணத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மச்சான் விடிந்தால் ஒரு சுதேசிப் படம் போடுகிறார். அதே ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் சுதேசி பற்றிப் பேசியதிலிருந்து (டெல்லி செங்கோட்டை, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பது இல்லை) அவருக்கு வேகம் கூடிவிட்டது. சீரில் ஒரு பொருள்கூட வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாதாம். காசு என்னுடையது, கொள்கை அவருடையது.

நேற்று திருநெல்வேலி டவுனுக்குப் போய் விலை கேட்டேன். பூப்போட்ட பிளாஸ்டிக் பாய் 450 ரூபாய். பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்த பத்தமடைப் பாய் அதைப்போல நாலு மடங்கு. பெயர் கேள்விப்படாத மிக்சி 1,600, நம்ம நாட்டுக் கம்பெனி மிக்சி 3,400. அக்காவின் மூத்த பேத்திக்குச் சொப்புச் சாமான் வாங்கித் தருவதாக வேறு வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் சம்பளம் முழுசாக வருமா என்று தெரியாதவன், கூடுதல் காசு கொடுத்து நாட்டுப் பொருள் வாங்குவது சரியா, அல்லது மலிவானதை வாங்கி மிச்சத்தை வங்கியில் போட்டு வைப்பது சரியா? மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்காகவும்தான் கேட்கிறேன்.

நயினார்குளம்_காற்று:

உங்க மச்சான் எந்த ஊர் போனில் அந்தப் படத்தைப் போடுகிறார் என்று முதலில் கேளும்வே.

சுதேசிக்_கப்பல்:

இதெல்லாம் கேலி பேசுகிற விஷயமா? வ.உ.சி. பிறந்த மண்ணில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் பாய் வாங்கலாமா என்று கேட்பதே தப்பு. வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் இது. அன்றைக்கு ஜனங்கள் மலிவு பார்த்தார்களா? கஷ்ட காலத்தில்தான் நம்ம பொருளை வாங்க வேண்டும், நல்ல காலத்தில் யார் வேண்டுமானாலும் வாங்குவான். மச்சான் சொல்வது 100 சதவீதம் சரி.

பாளை_வாத்தியார்:

கப்பல் தம்பி, பாதிக் கதையில் நிறுத்திவிட்டீரே.

1906-இல் பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம் என்று தொடங்கிய கம்பெனி அது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தன. உடனே எதிர்க் கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள், அவன் இன்னும் இறங்கினான், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்தான் என்பார்கள். நீர் கேட்டீரே, ஜனங்கள் மலிவு பார்த்தார்களா என்று. பார்க்காமல் இருந்திருந்தால் அவன் குடை கொடுத்திருக்க மாட்டான். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். இலவசக் கப்பலில் ஏறினவனை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன். அவனும் இந்த வண்ணார்பேட்டைத் தம்பி மாதிரி மாசக் கடைசியில் மாட்டினவனாக இருந்திருக்கலாம். பெரிய முதலாளி இரண்டு வருஷம் நஷ்டத்தில் ஓட்டுவான், 25 ரூபாய் பங்குக்காரன் ஓட்ட முடியாது, அதுதான் நடந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த மில் நூல் தூத்துக்குடியிலேயே நம்ம ஆட்கள் உழைப்பில், மில் இயந்திரத்தில் நூற்ற நூல். இன்றைய கணக்கில் 'இந்தியாவில் தயாரித்தது' என்று முத்திரை குத்தலாம். வ.உ.சி. அதைப் பார்த்துப் பூரித்துப் போகவில்லை. சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தொழிலாளிகளைத் திரட்டிப் பேசினார், கூலி கூடியது, வார விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் அவரைக் கைது செய்து, மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்ததற்கு இந்த மில் விவகாரமும் ஒரு காரணம். ஆகவே தம்பி, பொருள் எந்த ஊரில் செய்தது என்பதோடு கேள்வியை நிறுத்தினால் அது வ.உ.சி. சொன்ன சுதேசி ஆகாது. செய்தவன் கைக்கு என்ன போகிறது என்றும் கேட்க வேண்டும்.

சுதேசிக்_கப்பல்:

ஐயா, நீங்கள் வாத்தியார், உங்களிடம் வாதாட வரவில்லை. ஆனால் இப்படி நுணுக்கம் பார்த்தால் யாரும் எதையும் வாங்க முடியாது.

ரதவீதி_ஃபேன்சி:

நான் டவுனில் கடை வைத்திருக்கிறவன், பொம்மை, பாத்திரம், பிளாஸ்டிக் எல்லாம் உண்டு. கடைக்காரன் கதையையும் கேளுங்கள்.

வாடிக்கையாளர் வந்து "அண்ணாச்சி, சீனாச் சரக்கு வேண்டாம்" என்பார். சரி என்று நம்ம நாட்டுப் பொருளை எடுத்து வைப்பேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், "இது என்ன விலை" என்பார், சொன்னதும் கண் பக்கத்து அலமாரிக்குப் போகும். பத்தில் ஏழு பேர் அங்கேதான் போகிறார்கள். குற்றம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியும் அப்படித்தான்.

இன்னும் சிலர் 890 என்று பார்கோடு தொடங்கினால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வந்து கண்ணாடியை மூக்கில் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணைத் தேடுகிறார்கள். அந்த எண் கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். இறக்குமதி செய்து இங்கே டப்பாவில் அடைத்தவனும் 890 போடலாம். அதை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் தயாரிப்பாளர் பெயர், இறக்குமதியாளர் பெயர், தயாரித்த நாடு என்று அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். அதுவும் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் வந்தால் என் கடையில் இருந்தாலும் வாங்காதீர்கள்.

பொம்மை விஷயத்தில் ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். 2020-இல் பொம்மைக்கு இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2023-இல் 70 ஆனது. நடுவில் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றார்கள். அதற்கு முன்னால் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனால் எடைக்குப் போட்டுக் கொடுப்பது மாதிரி பொம்மை கிடைக்கும். இப்போது டெல்லிப் பக்கத்துப் பொம்மை நிறைய வருகிறது, தரமும் தேறியிருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கிற மோட்டார் எங்கே செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சொப்புச் சாமானுக்கு நீங்கள் அலையவே வேண்டாம். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு இருக்கிறது. போன வாரம் ஒரு பாட்டி பேரனோடு வந்து பிளாஸ்டிக் கிச்சன் செட் எடுத்தார்கள், பில் போடுகிற நேரத்தில் மரச் சொப்பு கண்ணில் பட்டுவிட்டது. ஒரு குட்டி அண்டாவைக் கையில் எடுத்து முகர்ந்தார்கள். அரக்கு வாசம். அப்புறம் பிளாஸ்டிக் செட் திரும்ப அலமாரிக்குப் போனது. இதில் தேசபக்தி ஒன்றும் இல்லை, ஞாபகம்தான். விலையும் 200 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

வண்ணார்பேட்டை_வாசி:

அண்ணாச்சி, சொப்பு எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்.

கோவில்பட்டி_குச்சி:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி வேலை. ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் அம்மா பெட்டி ஒட்டுவார், பசை காய்வதற்கு முன்னால் அடுக்க வேண்டும் என்று என்னைத் தூங்க விடமாட்டார். அதனால் இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிறது, மன்னிக்கவும்.

தீப்பெட்டியைவிட உள்ளூர்ப் பொருள் இருக்கிறதா? கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை என்று கரிசல்காட்டு ஊர் எல்லாம் பொம்பளை ஆட்கள் கூலியில் நிற்கிற தொழில். 2007-லிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி, 14 வருஷம் கழித்து 2021 டிசம்பர் 1 அன்றுதான் 2 ரூபாய் ஆனது. மெழுகு, அட்டை, சிவப்பு பாஸ்பரஸ் விலையெல்லாம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரு ரூபாய் ஏறினதற்கு நாடே செய்தி போட்டது! அதே சமயம் பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்குச் சீனா லைட்டர் வந்து தொங்கியது. தேசபக்தி பேசுகிற நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்? டீக்கடையில் நின்று அந்த லைட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டே பேசினார்கள்.

வாங்குகிறவன் மனசு மாறி எங்கள் தொழில் பிழைக்கவில்லை. உற்பத்தியாளர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்து, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரிப் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பொருத்த ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் பாகத்துக்கும் தடை போட்டார்கள். ஆகவே இறால் கம்பெனிக்காரர் மேல் இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். அவர் 450 ரூபாய் பாய் வாங்கினால் நாடு கவிழ்ந்துவிடாது. வரியும் தடையும் போடுகிற இடம் வேறே இருக்கிறது.

டொராண்டோ_நெல்லை:

பூர்வீகம் களக்காடு, இப்போது இங்கே கனடாவில் ஒரு பலசரக்குக் கடையில் சரக்கு அடுக்குகிறேன். 2025 ஆரம்பத்தில் அமெரிக்கா கனடா மேல் வரி என்று மிரட்டியதும் இங்கே வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விலைச்சீட்டில் எல்லாம் மேப்பிள் இலை ஒட்டினோம். மார்ச்சில் ஒன்டாரியோ அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கை அலமாரியை விட்டே இறக்கிவிட்டார்கள். வயதானவர்கள் பூதக்கண்ணாடியோடு கடைக்கு வந்தார்கள், சும்மா சொல்லவில்லை.

இங்கே ஒரு நல்ல விஷயம், எழுத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 'கனடாவின் பொருள்' என்று போட வேண்டுமானால் கிட்டத்தட்ட முழுக்க, அதாவது 98 சதவீதம் இங்கே ஆகியிருக்க வேண்டும். 'கனடாவில் தயாரித்தது' என்றால், உணவு அல்லாத பொருளுக்கு 51 சதவீதம் போதும், வெளியிலிருந்து வந்த மூலப்பொருள் உண்டு என்பதையும் கூடவே எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளைக்கு இருபது பேருக்கு விளக்கினேன். நம்ம ஊரிலும் இப்படி ஒரு அளவைப் பாக்கெட்டிலேயே பளிச்சென்று போட்டால் உங்கள் மச்சானுக்கு வேலை மிச்சம்.

ஆனால் மாசம் நாலு போனதும் பலர் பழைய பிராண்டுக்கே திரும்பிவிட்டார்கள். திரும்பாதது எது என்றால், விலை வித்தியாசம் இல்லாத பொருள்களும், மாற்றி வாங்கிப் பார்த்துப் பிடித்துப் போனவையும். ஆரஞ்சில் அமெரிக்காவை விட்டார்கள், ஆனால் கனடாவில் ஆரஞ்சு விளையாது, ஸ்பெயினிலிருந்து வந்ததை வாங்கினார்கள். ஒரு நாட்டுப் பொருளைத் தவிர்ப்பது வேறு, சொந்த நாட்டுப் பொருளை வாங்குவது வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் வீட்டில் வாங்குகிற மைசூர்ப் பருப்பு இருக்கிறதே, பெயர்தான் மைசூர், அதில் ஒரு நல்ல பங்கு கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைந்தது. உங்கள் ஆர்டர் படுத்துப்போனதுகூட, அமெரிக்காக்காரன் தன் நாட்டுப் பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று சுவர் எழுப்பியதால்தான். எல்லா நாட்டிலும் ஒரு மச்சான் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தால் உங்கள் இறாலை யார் வாங்குவது?

வண்ணார்பேட்டை_வாசி:

இதை மச்சானிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் கைகூப்புகிற பொம்மை ஒன்று வந்தது.

நயினார்குளம்_காற்று:

சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்ட் மாதம் வியட்நாம் கம்பெனி கார் தொழிற்சாலை திறந்திருக்கிறதே, அந்தக் கார் சுதேசியா, விதேசியா? கம்பெனி வெளிநாடு, வேலை பார்க்கிறது நம்ம தூத்துக்குடிப் பிள்ளைகள். நம்ம அல்வாவுக்குக் கோதுமை பொருநைக் கரையிலா விளைகிறது? வடக்கேயிருந்து வருகிற கோதுமை. தண்ணீர் மட்டும்தான் நம்மது. சும்மா கேட்டேன், யாரும் அடிக்க வராதீர்கள்.

பாளை_வாத்தியார்:

கேட்டது சும்மா இல்லை. கங்கைகொண்டானில் தாமிரபரணித் தண்ணீரை எடுத்துக் குளிர்பானம் செய்கிறார்களே, அதுவும் 'இங்கே தயாரித்தது'தான். 2016 நவம்பரில் மதுரைக் கிளை நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டு, 2017 மார்ச்சில் விலக்கிக்கொண்டது. அதே மார்ச்சில் வியாபாரிகள் சங்கங்கள் அந்நியக் குளிர்பானத்தை விற்க மாட்டோம் என்றன. அந்தக் கோடையில் எங்கள் தெருக் கடையில் நம்ம தமிழ்நாட்டுப் போவாண்டோ பாட்டில் வரிசையாக நின்றது. இப்போது போய்ப் பாருங்கள், இரண்டும் ஒரே குளிர்பெட்டியில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

வீரவநல்லூர்_தறி:

அண்ணாச்சிமாரே, பெரிய பெரிய நாட்டுக் கணக்கு எல்லாம் பேசுகிறீர்கள், தறி வீட்டிலிருந்து ஒருத்தி பேசலாமா.

எங்கள் மாமனார் வீட்டில் இரண்டு தறி இருந்தது, இப்போது ஒன்று. கைத்தறி என்று சொன்னதும் உங்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வருகிறது பாருங்கள், அது வேண்டாம். பரிதாபப்பட்டு ஒரு துண்டு வாங்குகிறவர் மறுபடி வருவதில்லை. தோளில் போட்டுப் பார்த்து "தண்ணியை நல்லா இழுக்குதே" என்று வாங்குகிறவர்தான் அடுத்த வருஷமும் வந்து நிற்கிறார்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கைத்தறி என்று போர்டு போட்டு விசைத்தறித் துணி விற்கிறவர்கள் உண்டு. நீங்கள் கொடுத்த கூடுதல் காசு தறிக்காரனுக்குப் போகாது, போர்டுக்காரனுக்குப் போகும். பஞ்சு விலை தாங்காமல் 2025 ஆகஸ்டில் அரசாங்கமே வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரியை விலக்கி வைத்தது, அந்த டிசம்பர் வரைக்கும். மில்காரருக்கு அது தேவைதான். அப்போ சேலை நம்ம சேலை, உள்ளே நூல் எந்த ஊர்? எங்களுக்கே தெரியாது. நெய்த கூலி மட்டும் எங்கள் தெருவில் நிற்கும், அது உறுதி.

தம்பி, கல்யாணப் பாய் கடையில் வாங்காதீர்கள். நேரே பத்தமடைக்குப் போங்கள், நெய்கிறவர்கள் வீட்டிலேயே சொல்லி வைக்கலாம். கடையில் கேட்ட விலை அங்கே இருக்காது. மிக்சிக்கு நான் கருத்துச் சொல்லவில்லை.

தச்சநல்லூர்_வயரிங்:

மிக்சிக்கு நான் சொல்கிறேன். ரிப்பேர் பார்க்கிறவன். அந்த 1,600 ரூபாய் சரக்கு வாரத்துக்கு ரெண்டு என் பெஞ்சுக்கு வருகிறது. ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் அந்த அளவுக் கப்ளர் பஜாரில் கிடையாது. ஜாருக்கும் மாற்று இல்லை. நம்ம நாட்டுக் கம்பெனி மிக்சிக்குக் கப்ளர் 30 ரூபாய், கார்பன் பிரஷ் 40 ரூபாய், பத்து நிமிஷத்தில் ஓடும். எங்கே செய்தான் என்று பார்க்க வேண்டாம், உதிரிப் பாகம் ஜங்ஷனில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கிறது பெரும்பாலும் நம்ம நாட்டுப் பொருளாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு மிக்சி நாலு வரும். அதை நீங்கள் வாங்காமலே இருக்கலாம்.

கோவில்பட்டி_குச்சி:

இதுதான்வே உருப்படியான யோசனை.

வண்ணார்பேட்டை_வாசி:

கேட்ட கேள்விக்கு நானே ஒரு முடிவு எழுதிவிடுகிறேன், இனியும் இழுத்தால் கல்யாணமே முடிந்துவிடும்.

மிக்சி இல்லை. அக்காவிடம் வெட்கப்படாமல் நிலைமையைச் சொன்னேன், அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அந்த 3,400-ஐ எடுத்து வைத்திருக்கிறேன், ஜனவரிச் சம்பளம் தடுமாறினால் அதுதான் அரிசி. சொப்பு அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, ரதவீதி அண்ணாச்சி 20 ரூபாய் குறைத்தார், நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் பருப்பும் எண்ணெயும் வழக்கம்போல எது விலை குறைவோ அது, அதில் நாடு பார்க்கிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. மச்சானுக்கும் சொல்லிவிட்டேன்.

பாய்க்குப் பத்தமடை போனேன். ஒரு வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். தறி தரையோடு தாழ்வாகக் கிடக்கிறது. நீளவாக்கில் ஓடுகிற பாவு பருத்தி நூல். ஒரு அம்மா கோரையை நீளக் குச்சியின் நுனியில் கோத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறார், அச்சை இழுத்து ஒரு இறுக்கு, மறுபடி அடுத்த கோரை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பாய் ஒரு சாண்கூட வளரவில்லை. மெல்லிசுப் பட்டுப்பாய்க்குக் கோரையைத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு இழை இழையாகக் கிழிக்க வேண்டுமாம், அது என் வசதிக்கு இல்லை. நடுத்தர ரகத்தில், பெயர் போட்டு, டவுனில் கேட்டதைவிட முந்நூறு ரூபாய் குறைவாக முடிந்தது. பிளாஸ்டிக்கைப்போல இன்னும் மூன்று மடங்குக்கு மேல்தான், மறைக்கவில்லை. கொடுக்கும்போது கை கொஞ்சம் நின்றது.

20 நாள் கழித்துப் போய் வாங்கினேன். மடிக்கக் கூடாது, கோரை முறிந்துவிடும், சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். சுருட்டினால் என் உயரம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன், கூட்டம். கண்டக்டர் பாய்க்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். கல்யாணப் பாய் அண்ணாச்சி, மடிக்க முடியாது என்றேன். ஓரத்தைப் பிரித்து மாப்பிள்ளை பெயரைப் படித்தார், "எந்த ஊர் மாப்பிள்ளை?" என்று கேட்டார், அப்புறம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைக்க இடம் காட்டினார். டிக்கெட் எனக்கு மட்டும்தான் கிழித்தார்.